மேக்கணக்கு எந்தக் கணக்கில் வருகிறது?

தொகைமதிப்பு எடுக்கிறவர்களுக்கும், நிலப்படம் வரைகிறவர்களுக்கும், கிராமத்துக்கு எல்லை போடுகிறவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, வணக்கம்.

முகத்துவாரத்தில், களனி ஆறு கடலோடு சேரும் இடத்திலிருந்து பத்து நிமிட நடையில் எனக்கு ஒரு வாடகை அறை. பகலில் புறக்கோட்டையில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆணி எத்தனை கிலோ வந்தது, எத்தனை போனது, எத்தனை துருப்பிடித்து மூலையில் கிடக்கிறது என்பதை மாதக் கடைசியில் ஒரே தாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அரைக் கிலோ குறைந்தாலும் முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். அந்தப் பழக்க தோஷத்தில்தான் உங்கள் அட்டவணைகளையும் பார்த்தேன். ஒரு ஊர் குறைகிறது.

என் ஊர் மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசன். டிவிசன் என்று கடுதாசியில்தான் எழுதுவோம். வாயில் வருவது ‘கணக்கு’. மேக்கணக்கு, நடுக்கணக்கு, பணியக்கணக்கு. பணிய என்றால் எங்கள் பேச்சில் கீழே. ஒரு கணக்கப்பிள்ளையின் ஏட்டுக்குள் அடங்குகிற நிலமும் ஆட்களும் ஒரு கணக்கு. நான் மேக்கணக்கில் பிறந்தவன். பெயரிலேயே கணக்கை வைத்திருக்கிற ஊருக்கு நாட்டின் கணக்கில் தனியாக ஒரு வரி கிடையாது என்பதை நினைத்து நான் சிரித்திருக்கிறேன். நினைத்து நினைத்து, இப்போது சிரிப்பு வருவதில்லை.

தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அதற்கே மூன்று பெயர். ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, முன்னால் பலகையில் இருப்பது, எப்போதோ கப்பலேறி வந்த ஒரு வெள்ளைக்காரத் துரை தன் ஊர் ஞாபகத்தில் வைத்தது. பஸ் கொண்டக்டர் கூவுவது இன்னொன்று. நாங்கள் சொல்வது மூன்றாவது, அது எந்தப் பலகையிலும் இல்லை. இதைப் படிக்கிற மலையகத்து ஆட்கள் தங்கள் தோட்டத்துப் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளட்டும். பெரிதாக எதுவும் மாறாது.

முதலில் ஊர் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். ஸ்டோரடியிலிருந்து ரெண்டு கட்டை, அதாவது ரெண்டு மைல், மேலே ஏற வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல். முதுகுப் பக்கம் டர்பன்டைன் காடு, காலடியில் ஓயா என்கிற சிற்றாறு, நடுவில் ஐந்து லயம், தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள். மூன்று இரட்டை லயம், இரண்டு ஒற்றை. இரட்டை லயம் என்றால் தெரியாதவர்களுக்கு: காம்பராக்கள், அதாவது அறைகள், முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும், இந்தப் பக்க வாசல் ஒரு குடும்பத்துக்கு, அந்தப் பக்க வாசல் இன்னொரு குடும்பத்துக்கு. காம்பரா 10 அடிக்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு என்கிற விறாந்தை, அதை அடைத்துப் பலகை போட்டு மகனுக்குக் கல்யாணம் கட்டி வைத்தவர்கள் உண்டு. லயத்துக்கு மேலே மாரியம்மன் கோயில், அதற்கும் மேலே தண்ணீர் பிடிக்கிற பீலி. கீழே கொழுந்து நிறுக்கிற மடுவம், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பரா, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டுக் களம். பாதை வளைகிற இடத்தில் ரோதைமுனி. முன்பு தண்ணீர் விழுந்து சுழன்ற ஸ்டோர் ரோதைக்குக் காவலாக வைத்த சாமி அது. ரோதை போய்விட்டது, சாமி இருக்கிறார், சுருட்டும் சேவலும் நிற்கவில்லை. எங்களுக்கு எல்லைக்கல் அவர்தான்: முனிக்கு மேலே மேக்கணக்கு, முனிக்குப் பணிய நடுக்கணக்கு. நில அளவையாளர் யாரும் போடாத எல்லை, இதுவரை யாரும் சண்டை போட்டதில்லை.

தேயிலைக்கு நடுவே சவுக்கு மரங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு. 5-ம் நம்பர் மலை எத்தனை ஏக்கர், எந்த வருடம் கவ்வாத்து வெட்டியது, எத்தனை செடி செத்தது, எத்தனை நாற்று நட்டது, எல்லாம் ஏட்டில் இருக்கும். செடிக்கு இருக்கிற அந்த ஜாதகம் லயத்தில் இருக்கிறவருக்கு இல்லை. வைகாசியில் பிடிக்கிற மழை ஆவணி தாண்டியும் விடாது. காம்பராவுக்குள் விறகு காயாது, பள்ளிக்கூடச் சப்பாத்து காயாது, அம்மாவின் இருமலும் காயாது. தை, மாசியில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். காலையில் பனி கொட்டிக் கொழுந்து கருகும். அந்த மாதங்களில் மேட்டில் ஏறி நின்றால் சிவனொளிபாத மலை தெரியும்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைகளில் ஊறி பொகவந்தலாவை வழியாக இறங்குகிற நீர் கெஹெல்கமு ஓயாவாகி காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுகிறது. 1965-லிருந்து அங்கே தேங்கி, விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றி, நோர்ட்டன், லக்சபான என்று இறங்கி, மஸ்கெலி ஓயாவோடு கலந்து களனி ஆறாகிறது. கித்துல்கலவைத் தாண்டி அவிசாவளையைத் தாண்டி அம்பத்தலைக்கு வந்தால் கொழும்புக்கு அதுதான் குடிநீர். மிச்சம் என் அறைக்குப் பக்கத்தில் கடலுக்குள் போகிறது. எங்கள் பீலியில் வழிந்த தண்ணீர் எனக்கு முன்னாலேயே கொழும்புக்கு வந்துவிட்டது. அதற்கு யாரும் முகவரி கேட்கவில்லை.

ஆனால் அளக்கிறார்கள்! மழைக்காலத்தில் செய்தியில் வாசிப்பார்களே, நாகலகம் வீதியில் நீர்மட்டம் இத்தனை அடி, ஹங்வெல்லவில் இத்தனை மீட்டர் என்று. அந்த வரிசையில் மேலே போய்ப் பாருங்கள், நோர்வூட் இருக்கும். எங்கள் ஊருக்குப் பணிய, ஓயா பெருகினால் கொழும்புக்கு முன்கூட்டியே சொல்வதற்காக வைத்த அளவுகோல். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த இரவு நானும் அந்த எண்களைத்தான் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே மண் சரிகிறது, இங்கே ஆறு ஏறுகிறது, ஊரில் யாரும் போன் எடுக்கவில்லை. ஆற்றின் உயரம் எனக்கு மணிக்கு மணி தெரிந்தது. அந்த ஆற்றுக்கு மேலே, சரிவில், எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று நான் தேடிப் பார்க்க ஓர் இடமும் இல்லை.

இதை வெறும் மனக்கஷ்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2014 அக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதல் நாள்களில் நூறு பேர் என்றார்கள், இருநூறு என்றார்கள், அதற்கு மேலும் சொன்னார்கள். பிறகு அந்த எண் பல மடங்கு இறங்கியது. இறங்கியது நல்லதுதான். ஆனால் மண்வெட்டியோடு நிற்கிறவனுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விவரம்: அந்த லயங்களில் நேற்று இரவு எத்தனை பேர்? அதைச் சொல்ல ஒரு தாள் இருந்திருந்தால் எண் அப்படி ஏறி இறங்கியிருக்காது. பள்ளிக்கூடம் போனவர், கொழும்பில் வேலை செய்கிறவர், பணிய லயத்துக்குச் சாவு வீட்டுக்குப் போனவர் என்று ஒவ்வொருவராக வந்து நின்ற பிறகுதான் கணக்கு தெளிந்தது.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். நீங்கள் எங்களை எண்ணாமல் விட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. 2024 தொகைமதிப்புக்கு ஆள் வந்தார், மேக்கணக்கு வரைக்கும் ஏறினார், அட்டை கடித்த காலோடு ஒவ்வொரு இஸ்தோப்பிலும் நின்று கேட்டார், அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். எண்ணுகிற வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. கூட்டும்போதுதான் ஊர் கரைந்துபோகிறது. நீங்கள் வெளியிடுகிற கணக்கில் மிகச் சின்ன அலகு கிராம சேவகர் பிரிவு. வயல்நாட்டில் அது ஒரு கிராமம், அல்லது கிராமத்தில் பாதி. எங்கள் பக்கத்தில் ஒரு பிரிவுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டங்கள், தோட்டத்துக்கு மூன்று நான்கு கணக்கு, நடுவில் ஒரு கடைத்தெரு. 2012-ல் அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவு ஒன்றுக்குள் மட்டும் 2 இலட்சத்துக்கு மேல் ஆட்கள். அப்படிப்பட்ட பானையில் எங்கள் ஐந்து லயமும் ஒரு பிடி உப்பு. உப்பு இருக்கிறது, எடுத்துக் காட்ட முடியாது.

தோட்டத்து ஒபிசில் ஓர் எண் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, அது செக்ரோல். பேர் பதிந்த ஆட்களின் எண்ணிக்கை. பேர் பதியாதவர், பென்சன் போனவர், கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறவர், மரக்கறித் தோட்டம் போடுகிறவர், டவுன் கடையில் நிற்கிறவர் எல்லாம் அந்த ஏட்டுக்கு வெளியே. என் அப்பா காலத்தில் செக்ரோலைப் பார்த்தால் ஊரில் பெரியவர்கள் எத்தனை பேர் என்று ஓரளவு தெரிந்துவிடும். இன்று அது ஊரின் கணக்காக இல்லை, வேலையின் கணக்காகக்கூட முழுதாக இல்லை.

வேடிக்கை என்னவென்றால் உங்கள் வகைப்பாடும் செக்ரோலின் கண்ணாலேயே எங்களைப் பார்க்கிறது. நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறீர்கள். 2012-ல் நகரம் 18.2 சதவீதம், கிராமம் 77.4, தோட்டம் 4.4. தோட்டம் என்றால் என்ன என்று வரையறையைத் தேடினேன்: 20 ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள, 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் குடியிருக்கும் பெருந்தோட்டம். திரும்பத் திரும்ப வாசித்தேன். கிராமம் என்றால் ஆட்கள் வாழ்கிற இடம். தோட்டம் என்றால் தொழிலாளி தங்கியிருக்கிற ஏக்கர். நான் முகத்துவாரத்தில் வாடகைக்கு இருக்கிறேன், இரும்புக்கடையில் வேலை செய்கிறேன். என்னை நகரத்து ஆள் என்று எண்ணினீர்கள். ‘இரும்புக்கடைத் துறை’ என்று ஒரு கட்டம் போட்டு அதற்குள் வைக்கவில்லையே! கொழும்புக்கு வந்ததும் மனிதனானவன், ஊருக்குப் போனால் மட்டும் எதற்காக ஒரு கம்பனியின் ஏக்கருக்குள் அடங்க வேண்டும்?

நிலம் அரசினுடையது, 1992-க்குப் பிறகு கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது, அதனால் அது கிராமம் ஆகாது என்று ஒருவர் என்னோடு வாதாடினார். நிலம் யாருடையது என்பது பெரிய வழக்கு, அதை இந்தக் கடிதத்தில் இழுக்கவில்லை. ஆனால் ஊர் என்பது உறுதிப் பத்திரமா? ஐந்து தலைமுறை பிறந்து செத்த இடம். 5-ம் நம்பர் மலையின் ஓரத்தில் எங்கள் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் குழி இருக்கிறது, கல் நடவில்லை, ஒரு சப்பாத்துப் பூச்செடி நிற்கிறது. அந்த மலை இப்போது காடு. கொழுந்து எடுப்பதை நிறுத்திப் பல வருடம். நாளைக்கு எங்கள் கணக்கில் பேர் பதிந்த ஆள் பத்துக்குக் குறைந்தால் வரையறைப்படி நாங்கள் ஒரே இரவில் கிராமத்து மக்களாகிவிடுவோமா? அதே லயம், அதே பீலி, அதே கூரைத் தகரம்.

இந்தச் சொல் வித்தியாசம் பணமாக எப்படி மாறும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். 1987-ன் 15-ம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ம் பிரிவு இருந்தது. அதைக் காட்டித்தான் தோட்டத்துப் பாதைக்கும் தண்ணிக்கும் சபை காசைச் செலவழிக்க முடியாது என்று முப்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வாக்குப் போட்டு ஆள் அனுப்பிய சபை! 2018-ல்தான் அதைத் திருத்தினார்கள். அதே வருடம் மலையகப் புதிய கிராமங்களுக்கென்று ஓர் அதிகாரசபையும் சட்டமானது. 7 பேர்ச் காணியில் தனி வீடு வருகிற இடங்களில் தலைவர்களின் பெயரைப் பொறித்துப் பலகையும் வருகிறது. பலகை வருகிற வேகத்தில் வீட்டு இலக்கம் வந்தால் நன்றாக இருக்கும், அது வேறு கதை.

எண்களோடு எங்களுக்கு ஒரு பழைய பகை உண்டு, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் முன்னோர் அக்கரையிலிருந்து, அதாவது இந்தியாவிலிருந்து, வந்தபோது கழுத்தில் தகரத் துண்டு, அதில் நம்பர். எந்தத் தோட்டத்துக்குப் போகிற சரக்கு என்று தெரிய. 1911 தொகைமதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ என்று தனிக் கட்டம் போட்டார்கள். 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அடுத்து வாக்கும் போனது. 1947-ல் மலைநாட்டிலிருந்து 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள், 1952-ல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. ஆனால் தொகுதிகளுக்கு எல்லை போடும்போது மட்டும் எங்கள் தலைகளையும் சேர்த்து எண்ணினார்கள். ஆசனத்துக்கு எங்கள் தலை வேண்டும், வாக்குக்கு எங்கள் கை வேண்டாம்.

பிறகு 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து 975,000 பேரைப் பங்கு போட்டார்கள். 525,000 அந்தப் பக்கம், 300,000 இந்தப் பக்கம், மிச்சம் 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்து அந்த மிச்சத்தை ஆளுக்குப் பாதி. என் கடையில் கூட மிச்சச் சரக்கை அவ்வளவு சுலபமாகப் பிரிக்க மாட்டோம். 1971 கணக்கில் 11 இலட்சத்து 75 ஆயிரம் அளவில் இருந்த ‘இந்தியத் தமிழர்’ 1981-ல் 818,656. நடுவில் நடந்தது எங்கள் வீட்டில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது: தாத்தாவின் தம்பி கூடலூர் தேயிலைத் தோட்டத்திலிருந்து போட்ட கடிதங்கள். ஹட்டன் ஸ்டேசனிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சியை ‘அழுகைக் கோச்சி’ என்றுதான் பாட்டி சொல்வார். வேறு பெயர் அவருக்குத் தெரியாது.

2012-ல் 839,504 பேர், 4.1 சதவீதம். 2024-ல் கட்டத்தின் தலைப்பில் ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் சேர்ந்தது, சதவீதம் 2.8 ஆனது. எங்கள் பெயரை எழுதியதற்கு நன்றி, மனதாரச் சொல்கிறேன். பெயர் வந்த அதே தடவை எண் ஏன் இறங்கியது என்று கூட்டங்களில் பேசுகிறார்கள், ஆளுக்கொரு காரணம். என் அனுபவத்தில் ஒரு காரணம் எனக்குத் தெரியும்: எங்கள் அக்காவின் பிள்ளைகள் வத்தளையில் பிறந்தவர்கள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இலங்கைத் தமிழர். தம்பி தன்னை மலையகத் தமிழன் என்கிறான். அம்மாவுக்கு இன்னும் இந்தியத் தமிழர். ஒரே குடும்பத்துக்குள் மூன்று பெயர், இரண்டு கட்டம்! இதில் யாரையும் திருத்த எனக்கு விருப்பமில்லை, அவரவர் சொல்வதுதான் அவரவர் இனம். ஆனால் இனத்தின் கட்டம் இப்படி ஆடிக்கொண்டிருக்கும்போது ஊரின் கட்டமாவது ஆடாமல் நிற்க வேண்டாமா? மேக்கணக்கில் இத்தனை பேர் என்று ஒரு வரி இருந்தால், அவர்கள் தங்களை என்ன பெயரில் அழைத்தாலும் ஊர் சுருங்கிவிட்டதா, ஆட்கள் பெயரை மாற்றிக்கொண்டார்களா என்று பிரித்துப் பார்க்கலாம். இப்போது அதைப் பார்க்க வழியில்லாமல் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருக்கிறோம்.

முகவரிக் கதையை எல்லாரும் சொல்லியாயிற்று, நான் சுருக்கமாக முடிக்கிறேன். மேக்கணக்கு முழுவதுக்கும் ஒரே முகவரிதான்: தோட்டத்தின் பெயர், தபால் கந்தோரின் பெயர். அதே முகவரியில் என் பெயருள்ளவர்கள் மூன்று பேர். ஒருவர் கோயில் பூசாரி, ஒருவர் என்னைவிட ஐந்து வயது இளையவர். நான் கொழும்பில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டேன், நேர்முகத்துக்கு வரச்சொன்ன கடிதம் பூசாரி கைக்குப் போனது. அவர் இங்கிலீசில் வந்ததால் கோயில் வரவுசெலவு சம்பந்தப்பட்டது என்று நினைத்து உண்டியல் பெட்டியில் வைத்துவிட்டார். ஆடித் திருவிழாவுக்கு உண்டியல் திறந்தபோது எனக்குக் கிடைத்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பிறகு இங்கே கணக்குத் திறக்க ஒரு வங்கிக்குப் போனபோது கவுண்டரில் இருந்த பிள்ளை கேட்டது, “வீட்டு நம்பர்? வீதி?” என்று. வீதி இல்லை, மலை இருக்கிறது, அதற்கு நம்பரும் இருக்கிறது என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து மனேஜரைக் கூப்பிட்டது.

நான் கேட்பது அதிகமில்லை. நீங்கள் எண்ணி வைத்திருக்கிற எண்ணைப் பிரித்துத் தாருங்கள். கிராம சேவகர் பிரிவுக்குக் கீழே, ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரி: பெயர், வீடு எத்தனை, ஆள் எத்தனை, ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை, அறுபதுக்கு மேலே எத்தனை. தனியாள் விவரம் வெளியாகிவிடும், இரகசியம் காக்கச் சட்டம் இருக்கிறது என்று சொல்வீர்கள். சரியான கவலை. வருமானமும் நோயும் கல்வியும் அந்த வரியில் வேண்டாம், தலையை மட்டும் போடுங்கள். மேக்கணக்கில் எத்தனை தலை என்பது எங்கள் பெரட்டுக் களத்தில் இரகசியமே இல்லை. அந்த வரி கையில் இருந்தால் மண் சரியும்போது எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரியும். பிள்ளைக்காம்பராவுக்கு எத்தனை பாய், வருகிற வருடம் முதலாம் வகுப்புக்கு எத்தனை கதிரை என்றும் தெரியும். இன்று இவை எல்லாம் யாரோ ஒருவரின் ஊகத்தில் நடக்கின்றன.

நிலப்படக்காரர்களுக்கு: உங்கள் திணைக்களம் 1800-லிருந்து இருக்கிறது, தேயிலையைவிட மூத்தது, இந்த நாட்டில் கோப்பித் தோட்டங்களைவிடவும் மூத்தது. காட்டை வெட்டித் தோட்டம் போட்டபோது அங்குலம் அங்குலமாக அளந்தவர்கள் உங்கள் ஆட்கள். ஸ்டோருக்கும் பங்களாவுக்கும் படத்தில் இடம் இருக்கிறது. லயம் இருக்கிற இடத்தில் ஊரின் பெயரையும் எழுதுங்கள். துரை வைத்த பெயரையே எழுதாமல், அங்கே நின்று ஒரு கிழவியிடம் கேட்டு எழுதுங்கள். மூன்று பெயர் சொன்னால் மூன்றையும் எழுதுங்கள், மலையில் இடம் இருக்கிறது.

‘தோட்டத் துறை’ என்ற கட்டத்தை என்ன செய்வது என்பதை உங்களுக்கே விடுகிறேன். கூலியும் போசாக்கும் வீடும் ஒப்பிட அது உதவுகிறது, அதை ஒழித்தால் எங்கள் குறை கிராமத்துச் சராசரிக்குள் மறைந்துபோகும் என்று சொல்கிற படித்தவர்கள் எங்களிடமே இருக்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. துறை இருக்கட்டும். அதற்கு உள்ளே ஊர்களும் இருக்கட்டும்.

நீங்கள் வெளியிடும் வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது நானே ஒரு கொப்பியில் எழுதினேன். எங்கள் லயத்தில் 12 காம்பரா. முதலாவதில் தனியாக ஒரு பாட்டி, மகன் வவுனியாவில். 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு போன குடும்பம், தீபாவளிக்கு மட்டும் வருவார்கள். இரண்டாவதில் தாயில்லாமல் மூன்று பிள்ளைகளும் தகப்பனும். தாய் குவைத்தில், அடுத்த வருடம் வருவதாக ஒவ்வொரு வருடமும் சொல்கிறார். மூன்றும் நான்கும் சேர்த்து உடைத்து ஒரே வீடு, ஒன்பது பேர். அதில் இருவர் புறக்கோட்டையில் என் கடைக்கு எதிரிலேயே நிற்கிறவர்கள். அவர்களை எங்கே எழுதுவது என்று பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றேன். வழக்கமாக வசிக்கிற இடம் என்று உங்கள் படிவம் கேட்கும். வழக்கமாகத் தூங்குவது கடை மாடியில், வழக்கமாக நினைத்துக்கொண்டிருப்பது இங்கே. கடைசியில் கொழும்பில்தான் போட்டேன், நீங்களும் அப்படித்தான் போட்டிருப்பீர்கள். ஏழாவது காம்பரா பூட்டு. எட்டில் புதுக் கல்யாணம். பதினொன்றில் போன மாதம் பிறந்த ஒரு பிள்ளை, இன்னும் பெயர் வைக்கவில்லை, ‘பாப்பா’ என்று எழுதி 1 போட்டேன். அந்த ஒன்றை எழுதும்போது எனக்கு இருந்த சந்தோசம் கடைக் கணக்கில் ஒரு நாளும் வந்ததில்லை.

பன்னிரண்டாவது எங்களுடையது. அம்மா, தம்பி, தம்பி பெண்சாதி. மூன்று. நான் முகத்துவாரத்துக் கணக்கு.

அந்தக் கொப்பி சரியா பிழையா என்று உங்களில் ஒருவர் வந்து பார்ப்பதானால் வழி சொல்கிறேன், முகவரிதான் இல்லையே. கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழியாக ஹட்டன் பஸ்ஸில் ஏறுங்கள்; இடையில் நெடுந்தூரம் ஆறு கூடவே வரும், அதை எதிர்த்துத்தான் ஏறுகிறீர்கள். ஹட்டனில் இறங்கி பொகவந்தலாவை பஸ். டிக்கோயா தாண்டியதும் காசல்ரீ தண்ணீர் தெரியும், பிறகு நோர்வூட் சந்தி. மஸ்கெலியாப் பக்கம் திரும்பிவிடாதீர்கள். அதற்கு மேல் கொண்டக்டரிடம் பலகைப் பெயரைச் சொல்லாமல் ‘ரோதைமுனி’ என்று சொல்லுங்கள், எங்கள் பக்கத்து ஆள் யாராவது பஸ்ஸில் இருப்பார், இறக்கிவிடுவார். ஸ்டோரடியிலிருந்து ரெண்டு கட்டை நடை. மழை என்றால் சப்பாத்து வேண்டாம். அட்டைக்கு ஒரு துணியில் உப்புக் கட்டி எடுத்து வாருங்கள். நாலு மணிக்கு முன்னால் வந்தால் கொழுந்து நிறுக்கிற நேரம், மடுவத்தில் பாதி ஊர் நிற்கும், ஒரே இடத்தில் எண்ணிவிடலாம். மீதியை அம்மா சொல்வார். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேளுங்கள்.

இப்படிக்கு,
மேக்கணக்கைச் சேர்ந்த ஒருவன்,
முகத்துவாரம், கொழும்பு 15